ஹெல்மெட் அபராதம்: கட்டுவதா, கோர்ட்டுக்குப் போவதா?

ஹெல்மெட் போடாமல் வண்டி ஓட்டியதாக 1000 ரூபாய் அபராதம் என்று போனில் குறுஞ்செய்தி. அதுவும் நான் போகாத ஊரில். அன்றைக்கு என் வண்டி காரைக்குடியில் எங்கள் வீட்டு முகப்பில்தான் நின்றது.

"ஆயிரம் ரூபாய்க்காகக் கோர்ட்டு வாசல்ல நிக்கணுமா தம்பி? கட்டிட்டு வேலையைப் பாரு" என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். ஒரு நாள் சம்பளம், பஸ் செலவு என்று கணக்குப் போட்டால் அவர் சொன்னதும் நியாயம்தான். போன வருஷம் கல்லுக்கட்டி பக்கம் ஹெல்மெட் இல்லாமல் மாட்டியபோது மறுபேச்சில்லாமல் கட்டினேன். தப்பு என்னுடையது. இது அப்படியில்லை, மனசு ஒப்பவில்லை.

போக்குவரத்து அபராதங்களைப் பார்க்கும் அரசின் பரிவாகன் இ-சலான் தளத்தில் சலான் (அபராதச் சீட்டு) எண்ணைப் போட்டுப் படத்தைப் பெரிதாக்கினேன். என்னுடையது சிவப்பு ஸ்ப்ளெண்டர். படத்தில் கறுப்பு ஸ்கூட்டர். அதன் நம்பர் தகட்டில் 8-இன் இடப்பக்கம் சேறு அப்பி, 3 போலத் தெரிந்தது. என் வண்டி எண்ணில் அந்த இடத்தில் 3.

சரி, எடுத்தவுடன் கோர்ட் வேண்டாம். அதே தளத்தில் புகார் பகுதி இருக்கிறது. ஆர்.சி. புத்தகம், நம்பர் தெரியும்படி எடுத்த வண்டிப் படம் இரண்டையும் ஏற்றி நாலு வரி எழுதினேன். பன்னிரண்டாம் நாள் சலான் ரத்து. ஆகாமல் போயிருந்தால் மெய்நிகர் நீதிமன்றத் தளத்தில், அதாவது ஆன்லைன் கோர்ட்டில், பணம் கட்டாமல், வழக்காடுவதாகப் பதிந்திருப்பேன். அப்புறம் வழக்கு வழக்கமான கோர்ட்டுக்கு மாறும். அங்கேயும் அந்தச் சேறு படிந்த 8 எனக்குச் சாட்சி சொல்லியிருக்கும்.