மேற்கோள் எண்ணிக்கையும் பொருளியல் ஆய்வாளரும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர்ப் பகுதிக் கல்லூரிகளில் பொருளியலில் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கும் மாணவர்கள் பலர், எதை ஆராய்வது என்று முடிவு செய்யும் முன்பே, எங்கே வெளியிட்டால் மேற்கோள்கள், அதாவது பிறர் தம் கட்டுரைகளில் நம் ஆய்வைச் சுட்டும் இடங்கள், விரைவில் சேரும் என்று கேட்கிறார்கள். வேலை நியமனமும் பதவி உயர்வும் எண்களைப் பார்க்கும் காலத்தில் அந்தக் கவலை நியாயமானதே. ஆயினும் தலைப்பை எண்ணிக்கைக்காகத் தேர்ந்தெடுப்பதுதான் பிற தவறுகள் எல்லாவற்றுக்கும் தொடக்கம் என்பது என் உறுதியான கருத்து.

இதற்கு, இன்றைய வேலூர்ப் பகுதியை உள்ளடக்கிய பழைய வட ஆற்காடு மாவட்டத்தைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கான முதல் பேராசிரியராக இருந்த ஆங்கிலேயர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1918இல் தொகுத்து வெளியிட்ட கிராம ஆய்வுகளுள் அன்றைய வட ஆற்காட்டின் தூசி கிராமமும் ஒன்று. அந்த ஆய்வுக் கிராமங்களுக்கு 1930களில் மற்றொரு குழு மீண்டும் சென்றது. பசுமைப் புரட்சியின் விளைவை அறிய, கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1973-74இல் இம்மாவட்டக் கிராமங்களில் கணக்கெடுத்தனர். அக்கிராமங்களுக்கே 1980களில் திரும்பச் சென்ற ஆய்வின் அடிப்படையில் பீட்டர் ஹேசலும் சி. ராமசாமியும் 1991இல் வெளியிட்ட நூல், சிறு விவசாயிகளும் நிலமற்ற தொழிலாளர்களும்கூடப் பயனடைந்தனர் என்று கூறி, புரட்சியின் பயன் குறித்து 1973-74 குழு எழுப்பிய ஐயங்களோடு மாறுபட்டது. பின்னர் பார்பரா ஹாரிஸ்-ஒயிட்டும் எஸ். ஜனகராஜனும் 2004இல் கொண்டுவந்த நூல் அவ்விவாதத்தை மேலும் நீட்டியது. இவர்கள் முந்தைய ஆய்வை மேற்கோள் காட்டியது அதைப் புகழ்வதற்காக மட்டுமல்ல, அதனோடு வாதிடுவதற்காகவும்தான். ஆகவே மேற்கோளைப் பாராட்டாக எண்ணி மறுப்பு வராத தலைப்புகளையே தேடுவது பெரும் பிழை.

அடுத்த தவறு, ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளும் மேற்கோள்களும் எத்தனை என்பதை ஒரே எண்ணாகச் சொல்லும் எச்-குறியீட்டைத் தகுதிச் சான்றிதழாகக் கொள்வது. 2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த இக்கணக்கின்படி, குறைந்தது பத்து முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் பத்து இருந்தால் குறியீடு 10. ஐந்நூறு முறை மேற்கோள் பெற்ற நூலொன்றும் இதில் ஒன்றாகவே எண்ணப்படுகிறது; வாழ்நாள் உழைப்பை ஒரே நூலில் வைத்த பொருளியலாளருக்கு இது அநீதி. ஒரே ஊரில் பணிபுரியும் மருத்துவ ஆய்வாளரோடு பொருளியல் ஆய்வாளரை ஒப்பிடுவதும் பொருந்தாது; பொருளியல் கட்டுரை ஏற்கப்படவே பல ஆண்டுகள் ஆவதுண்டு, மேற்கோள்களும் மெதுவாகவே சேரும். ஆசிரியர் பெயர்களை அகர வரிசையில் இடுவது இத்துறையில் பரவலான மரபு என்பதால், இரண்டாவது பெயருக்குரியவரைத் துணை ஆய்வாளர் என்று கருதிவிடவும் கூடாது.

நம்மவர்க்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. தமிழ்ப் பெயரில் தந்தையின் பெயர் முன்னெழுத்தாக நிற்கிறது. ஆய்விதழ்களோ குடும்பப் பெயரைக் கேட்கின்றன. ஒரு கட்டுரையில் முன்னெழுத்தை விரித்தும் மற்றொன்றில் சுருக்கியும் எழுதினால், கட்டுரைகளையும் மேற்கோள்களையும் தொகுக்கும் கூகுள் ஸ்காலர், ஸ்கோபஸ் தளங்களில் ஒரே ஆய்வாளர் இருவராகப் பிரிந்துவிடக்கூடும். முதல் கட்டுரைக்கு முன்பே ஒரு வடிவத்தை உறுதிசெய்து, ஆய்வாளரைத் தனித்து அடையாளம் காட்டும் ஆர்சிட் எண்ணைப் பெற்று, இறுதிவரை அதையே பயன்படுத்த வேண்டும்.

மாவட்டப் பெயரிலும் இதே கவனம் தேவை. வட ஆற்காடு 1989இல் இரண்டாகப் பிரிந்தது. அதன் ஒரு பகுதியான வேலூர் மாவட்டம் 2019இல் மூன்றாகப் பிரிந்தது. பழைய வட ஆற்காட்டுப் புள்ளிவிவரத்தை இன்றைய வேலூரோடு நேரடியாக ஒப்பிடும் கட்டுரை, எத்தனை மேற்கோள் பெற்றாலும், அடித்தளத்திலேயே பிழையானது. பழைய வட ஆற்காட்டைச் சேர்ந்த ஆரணி இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது என்பதைக் குறிப்பிடாமல் விட்டால், பிறகு வரும் ஆய்வாளர் தவறான இடத்தில் தேடுவார்.

ஒரே ஆய்வைத் துண்டு துண்டாக்கி வெளியிடுவது, தேவையின்றித் தன்னையே மேற்கோள் காட்டுவது, பணம் வாங்கிக்கொண்டு மதிப்பீடின்றி அச்சிடும் ஆய்விதழ்களை நாடுவது ஆகியவற்றின் கேடு அனைவரும் அறிந்ததே. அதிகம் பேசப்படாத தவறு, களத்தரவைப் பாதுகாக்காமல் விடுவது. வினாப்பட்டியல், மாதிரிக் குடும்பங்களைத் தேர்ந்த முறை, கணக்கெடுத்த பருவம், அந்த ஆண்டின் மழை நிலை ஆகியவற்றை எழுதிவைக்காவிட்டால், இருபது ஆண்டுகள் கழித்து அதே கிராமத்துக்குப் போகும் ஒருவரால் உங்கள் முடிவைச் சரிபார்க்கவோ மறுக்கவோ இயலாது.