82 ஆண்டுப் பதிவேட்டில் ஒரு கருதுகோள் சோதனை

ஜான் ஆர்பத்நாட் இங்கிலாந்து அரசி ஆனின் மருத்துவர், கணக்கிலும் கெட்டிக்காரர். லண்டனில் 1629 முதல் 1710 வரை ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகளின் பதிவை எடுத்துப் பார்த்தார். 82 ஆண்டுகளிலும் ஆண் குழந்தைகளே அதிகம். தற்செயலா? ஓர் ஊகம் தரவோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதே கருதுகோள் சோதனை. அதைக் கையால் போட்டுப் பழக அருமையான தரவு இது. கால்குலேட்டர் போதும்.

படி 1: இன்மைக் கருதுகோளை, அதாவது ‘விசேஷம் எதுவுமில்லை, எல்லாம் தற்செயல்’ என்ற ஊகத்தை எழுதுங்கள். இங்கே அது ‘ஆணும் பெண்ணும் பிறக்கச் சம வாய்ப்பு’. மாற்றுக் கருதுகோள்: ‘சமமில்லை’.

படி 2: வாய்ப்பு எவ்வளவுக்குக் கீழே போனால் இன்மைக் கருதுகோளை நிராகரிப்பது என்ற எல்லையை இப்போதே குறியுங்கள். வழக்கம் 5%, அதாவது 0.05. விடையைப் பார்த்தபின் எல்லையை நகர்த்துவது அழுகுணி ஆட்டம்.

படி 3: இன்மைக் கருதுகோள் உண்மை என்றே வைத்துக்கொண்டு கணக்கிடுங்கள். ஓர் ஆண்டில் ஆண் எண்ணிக்கை மிகுவதற்கு வாய்ப்பு 1/2. தொடர்ந்து 5 ஆண்டுகள் என்றால் 1/32, சுமார் 0.031. எல்லைக்குள் வந்துவிட்டதே என்று நிராகரித்துவிடாதீர்கள். நாம் எழுதியது ‘சமமில்லை’ என்றுதானே? ஐந்து ஆண்டுகளும் பெண்களே மிகுந்திருந்தாலும் இதே அளவு வியந்திருப்போம். அதையும் கூட்டினால் 0.0625. இதுதான் பி-மதிப்பு: இன்மைக் கருதுகோள் உண்மையானால் இந்த அளவுக்காவது வியப்பான தரவு கிடைக்கும் வாய்ப்பு. அது 0.05-ஐத் தாண்டிவிட்டது, 5 ஆண்டுத் தரவு போதாது. புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் சறுக்குவது இந்த இரட்டிப்பில்தான். 82 ஆண்டுகளுக்கோ, ஒன்றின் கீழ் 25 இலக்க எண் வரும், இரட்டித்தாலும் அசையாது. இன்மைக் கருதுகோளை நிராகரிக்கலாம்.

படி 4: எண்ணிக்கையையும் பயன்படுத்துங்கள். ஆர்பத்நாட் ‘கூடவா, குறைவா’ என்று மட்டுமே பார்த்தார். 1629-இல் ஆண் 5218, பெண் 4683, மொத்தம் 9901. சம வாய்ப்பானால் எதிர்பார்ப்பது 4950.5 ஆண்கள். திட்ட விலக்கம் (தற்செயலால் மட்டும் எண்ணிக்கை வழக்கமாக எவ்வளவு விலகும் என்ற அளவு), 9901-இன் வர்க்கமூலத்தில் பாதி: 49.75. வித்தியாசம் 267.5, வகுத்தால் 5.4. அதாவது 5.4 திட்ட விலக்கங்கள். 5% எல்லைக்கு 1.96 தாண்டினாலே போதும். 82 எதற்கு, அந்த ஓர் ஆண்டே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது!

படி 5: முடிவை அளந்து எழுதுங்கள். ஆர்பத்நாட் இதைக் கடவுளின் ஏற்பாட்டுக்குச் சான்று என்றார். கணித அறிஞர் நிக்கோலஸ் பெர்னூலி விடவில்லை: 35 முகப் பகடையில் 18 முகம் ஆண், 17 முகம் பெண் என்று வைத்தால் இந்தப் பதிவு இயல்பாகவே வரும் என்று காட்டினார். என் ஓட்டு பெர்னூலிக்கே. நிராகரிக்கப்பட்டது ‘சமம்’ என்பது மட்டும். காரணம் எது என்று சோதனை சொல்லவில்லை. போதாததற்கு, இது ஞானஸ்நானப் பதிவேடு, பிறப்புப் பதிவேடு அல்ல. பெண் குழந்தைகள் சிலரைப் பதியாமல் விட்டிருந்தாலும் பி-மதிப்பு இப்படியேதான் சிறுத்திருக்கும்.