ஒரே கணக்கில் விசை, மின்புலம், மின்னழுத்தம்

மூன்று சூத்திரங்களும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருப்பதால்தான் குழப்பமே வருகிறது. ஒரே கணக்கில் மூன்றையும் போட்டுப் பார்த்தால் எது எது என்று பிடிபட்டுவிடும்.

படி 1: தாளில் ஒரு புள்ளி வையுங்கள். அது +2 நானோ கூலூம் மின்னூட்டம் (கூலூம் மின்னூட்டத்தின் அலகு, நானோ என்றால் 10⁻⁹). 3 செ.மீ. தள்ளி 'அ' என்று இன்னொரு புள்ளி. கையோடு 3 செ.மீ.யை 0.03 மீட்டர் என்று மாற்றி எழுதிவிடுங்கள். இதை மறந்து, விசை பத்தாயிரம் மடங்கு தப்பாக வந்த கணக்குகள் என் பழைய நோட்டில் ஏராளம்.

படி 2: விசை. 'அ'வில் +1 நானோ கூலூமை வைப்போம். பிரெஞ்சு இயற்பியலாளர் கூலூம் 1785இல் முறுக்குத் தராசில் அளந்து சொன்ன விதிதான்: இரண்டு மின்னூட்டங்களையும் பெருக்கி, தொலைவின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். அதை 9 × 10⁹ என்ற மாறிலியால் பெருக்கினால் 2 × 10⁻⁵ நியூட்டன். இரண்டும் நேர்மின்னூட்டம், அதனால் வெளிப்புறமாகத் தள்ளும்.

படி 3: மின்புலம். அந்த விசையை 1 நானோ கூலூமால் வகுங்கள்: கூலூமுக்கு 20,000 நியூட்டன். இப்போது 'அ'வில் வைத்ததை எடுத்துவிடுங்கள். புலம் அங்கேயேதான் இருக்கும். அங்கே 5 நானோ கூலூம் வைத்தால் விசை 5 மடங்காகும், எதிர்மின்னூட்டம் வைத்தால் விசையின் திசை திரும்பும். புலம் இரண்டுக்கும் அசையாது.

படி 4: மின்னழுத்தம். முதல் புள்ளியின் +2 நானோ கூலூமை மட்டும் அதே மாறிலியால் பெருக்குங்கள். இங்கே தொலைவால் ஒரே ஒரு முறைதான் வகுக்க வேண்டும், வர்க்கம் கிடையாது. விடை 600 வோல்ட். அதாவது, வெகுதொலைவிலிருந்து +1 நானோ கூலூமை மெல்லத் தள்ளி 'அ'வுக்குக் கொண்டுவர 600 நானோ ஜூல் வேலை செய்ய வேண்டும். இதற்குக் குறி உண்டு, திசை இல்லை.

தொலைவை 6 செ.மீ. ஆக்கினால்? புலம் கால்வாசியாகி 5,000. அழுத்தம் பாதியாகி 300.

படி 5: சரி, இப்போது 'அ'வுக்கு அந்தப் பக்கம், அதே 3 செ.மீ.யில், இன்னொரு +2 நானோ கூலூம். இரண்டு புலங்களுக்கும் அம்புக்குறி போடுங்கள். எதிரெதிராக நின்று ஒன்றையொன்று அடித்துவிடும், புலம் சுழி. அழுத்தத்துக்கு அம்பு இல்லையே, நேராகக் கூட்டினால் 1,200 வோல்ட். புலம் சுழி என்றதும் அழுத்தமும் சுழி என்று எழுதிவிட்டு வருகிறவர்கள் வழுக்குவது இந்த இடத்தில்தான்.

இரண்டாவதை மட்டும் −2 ஆக்கிப் பாருங்கள். அம்புகள் ஒரே பக்கம் திரும்பி, புலம் 40,000 ஆகும். அழுத்தம் சுழி.