காஓர் சிவப்பு ஒயின்: இரவுச் சாப்பாட்டோடு ருசித்துப் பழகுவது எப்படி?

காஓர் ஊர் பிரான்ஸின் தென்மேற்கில், லோட் ஆற்றங்கரையில் இருக்கிறது. நிறம் அவ்வளவு அடர்த்தி என்பதால் அங்கே விளையும் ஒயினுக்குக் 'கருப்பு ஒயின்' என்றே பழைய பெயர். 1956 பிப்ரவரி உறைபனியில் கொடிகள் பெரும்பாலும் கருகிப்போயின. மறுபடி நட்டு வளர்த்து, 1971-ல் சட்டப்படியான ஊர்ப்பெயர் அங்கீகாரம் கிடைத்தது. அந்தப் பெயரைப் போட்டு விற்கக் குறைந்தது 70 சதவீதம் மால்பெக் திராட்சை இருக்க வேண்டும். மீதிக்கு மெர்லோ, தன்னா சேர்க்கலாம்.

முதல் பாட்டிலுக்கு 3 முதல் 5 வருடம் ஆனதே போதும். ஆற்றோரச் சரளை மண்ணில் விளைந்தது இளக்கமாக இருக்கும். மேட்டுச் சுண்ணாம்பு நிலத்துச் சரக்கு இறுக்கமானது, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சாப்பிட ஒரு மணி நேரம் முன்பே திறந்து கண்ணாடி ஜாடியில் ஊற்றிவிடுங்கள். தக்கையை மட்டும் எடுத்துவிட்டு பாட்டிலை அப்படியே வைத்தால் பயனில்லை, அந்தக் குறுகிய கழுத்தில் காற்று எவ்வளவு படும்? அறை சூடாக இருந்தால் கடைசி அரை மணி நேரம் ஜாடியை மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். 16–18 டிகிரி சரியான பதம். அதற்கு மேல் போனால் ஆல்கஹால் நெடி மூக்கில் ஏறும். ரொம்பக் குளிர்ந்தால் துவர்ப்புதான் முன்னால் நிற்கும். நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் தக்கை கெட்டிருக்கிறது. எவ்வளவு நேரம் காற்றில் வைத்தாலும் அது போகாது, கடையில் திருப்பிக் கொடுங்கள்.

சாப்பாட்டுக்கு வாத்துக்கால் 'கோன்ஃபி'. வாத்துக் கொழுப்பிலேயே மெதுவாக வெந்தது, டின்னிலும் கிடைக்கும். கொழுப்பை வழித்துவிட்டு, தோல் மேலே இருக்கும்படி 200 டிகிரி ஓவனில் 20 நிமிடம், தோல் மொறுமொறுக்கும் வரை. வழித்த கொழுப்பில் உருளைக்கிழங்கு வறுத்து, இறக்கும்போது பூண்டு போடுங்கள். முன்னாலேயே போட்டால் கருகிக் கசக்கும்.

இப்போது ருசி. 75 மில்லி ஊற்றி, கிளாஸை வெள்ளைக் காகிதத்தின் மேல் சாய்த்துப் பாருங்கள். ஓரம் கத்திரிப்பூ நிறமானால் இளசு, செங்கல் நிறமானால் வயசானது. சுழற்றி முகர்ந்தால் கருப்பு பிளம், வயலட் பூ, சிலவற்றில் அதிமதுரம். சாப்பாடு தொடாமல் ஒரு மடக்கு எடுத்து ஐந்து விநாடி வாயில் வையுங்கள். நாவல்பழம் தின்றதுபோல நாக்கு இழுக்கும். திராட்சைத் தோல், விதையின் துவர்ப்பு எச்சிலிலுள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் அந்த வறட்சி. பலர் இங்கேயே 'பிடிக்கவில்லை' என்று கிளாஸை வைத்துவிடுகிறார்கள். அவசரம்! தோலோடு ஒரு துண்டு வாத்தை மென்று விழுங்கிவிட்டு அடுத்த மடக்கைக் குடியுங்கள். கொழுப்பும் புரதமும் துவர்ப்பைத் தாங்கிக்கொள்ள, பழச்சுவை மேலே வரும். வாயில் ஒட்டியிருந்த நெய்ப்பசையும் போய்விடும்.

மீனோடு வேண்டாம், இரும்பு நக்கியதுபோல இருக்கும். மிளகாய்க் காரமும் ஆகாது. எரிச்சலும் துவர்ப்பும் ஒன்றை ஒன்று தூண்டிவிடும். கடைசியில் சீஸ் வேண்டுமானால், அதே பகுதியின் ரொக்காமதூர் ஆட்டுப்பால் சீஸ், 35 கிராம் வில்லை.

750 மில்லியை இருவர் ஒரே இரவில் முடிக்க வேண்டியதில்லை. மிச்சத்தைப் பாட்டிலில் ஊற்றித் தக்கையால் மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். இளம் காஓர் மறுநாள் இன்னும் இளகியிருக்கும்.