பூங்காவில் பழைய காசு தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைச் சத்தம் போட்டுக் காட்டும் மெட்டல் டிடெக்டர் ஒன்று குமரி மாவட்டத்தில் கையில் கிடைத்தால் மனசு முதலில் போவது உதயகிரிக் கோட்டைக்குத்தான். புலியூர்க்குறிச்சியில் இருக்கும் அந்தக் கோட்டைக்குள் இப்போது வனத்துறையின் பூங்கா இருக்கிறது. மான், நிழல், நடைபாதை என்று பார்க்கச் சாதாரணப் பூங்காவாகத்தான் தெரியும். 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைத்தளபதியாகி இருந்த இடம் அது. அவருடைய கல்லறையும் உள்ளேயே இருக்கிறது. பழம்பொருள் கிடைக்க வாய்ப்புள்ள இடம்தான், மறுக்கவில்லை. அதனாலேயே அங்கே மம்பட்டி வைக்கக் கூடாது. வட்டக்கோட்டைக்கும் சிதறால் மலைக்கும் இதே பேச்சுதான், இரண்டும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. பத்மநாபபுரம் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது. நம்ம ஊர் அதிகாரி யாரையாவது தெரியும் என்பதால் அங்கே காரியம் நடக்காது.

கோட்டையை விட்டுவிட்டு ஊர்ப் பூங்காவுக்கு வருகிறவர்கள் செய்யும் தவறு, காவலாளியின் தலையசைப்பை மட்டும் வாங்கிக்கொண்டு தோண்டுவது. நாகர்கோவில் வேப்பமூடு பூங்கா போன்ற பொது இடத்தில் மண்ணைக் கிளற, அந்த உள்ளாட்சி அலுவலகத்தின் எழுத்து அனுமதி வேண்டும். அது கிடைக்கவில்லையா, சரி, சித்தப்பாவின் விளையில், அதாவது தோட்டத்தில், தொடங்குங்கள். பழைய வீடு இருந்த விளை, பூங்காவைவிடப் பல நேரம் நல்ல இடம்.

அடுத்தது மண். கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு உணர்திறனைக் கூட்டி வைத்துவிட்டு, எங்கே வைத்தாலும் கத்துகிறது, கருவி கெட்டுவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. கெட்டது கருவி அல்ல. நம் செம்மண்ணில் இரும்புச் சத்து அதிகம். மணவாளக்குறிச்சிப் பக்கம் கடற்கரைக்குப் போனால் கறுப்பு மணலில் இல்மனைட் கலந்திருக்கிறது. அதுவும் இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த கனிமம்தான். கருவியின் அடியில் இருக்கும் கம்பிச் சுருளிலிருந்து புறப்படும் காந்தப்புலத்துக்கு மண்ணே பதில் சொல்லத் தொடங்கிவிடும். ஈரமான உப்பு மணல் இன்னும் மோசம். தேடும் இடத்திலேயே, உலோகம் இல்லாத ஒரு துண்டு நிலம் பார்த்து, 'கிரவுண்ட் பேலன்ஸ்' செய்யுங்கள், அதாவது மண்ணின் பதிலைக் கருவி கண்டுகொள்ளாதபடி சரிசெய்யுங்கள். அப்புறமும் கத்தினால் உணர்திறனைக் குறையுங்கள். ஆழம் கொஞ்சம் போகும், போகட்டும். சாதாரணக் கருவி ஒரு காசை ஒரு சாண் ஆழத்தில் காட்டினாலே நல்ல கருவி. 'பத்து மீட்டர் ஆழத்துத் தங்கத்தைக் காட்டும்' என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் காசைக் கொடுப்பது, புதையல் பூசை செய்கிறேன் என்று வருகிறவரிடம் கொடுப்பதற்குச் சமம்.

குப்பையின் சத்தம் பிடிக்காமல், அலுமினியத் தாளுக்கு உரிய சத்தத்தை மொத்தமாக அடைத்துவிடுவது இன்னொரு தவறு. சோடா மூடியும் சிகரெட் தாளும் தொல்லைதான், ஆனால் நம் பகுதியில் தேடத் தகுந்த காசு எது? திருவிதாங்கூர் வெள்ளிச் சக்கரம். அரை கிராம்கூட எடை இல்லாத பொடிக்காசு அது. அவ்வளவு சின்ன வெள்ளி, கருவியில் கிட்டத்தட்ட அந்தத் தாளின் சத்தத்தையே தரும். குப்பை வேண்டாம் என்று அடைத்தவர் சக்கரத்தையும் சேர்த்தே அடைத்துவிடுகிறார்.

தோண்டும்போது குழியைக் கிண்டிப் போட்டுவிட்டு வரக் கூடாது என்பது தெரிந்ததே. புல்லை மூன்று பக்கம் வெட்டி, மூடியைப் போலத் திருப்பி, மண்ணைத் துணியில் குவித்து, எடுத்த பிறகு மிதித்து மூடுங்கள். பூங்கா விளக்குக்குப் போகும் மின்கம்பி ஆழமில்லாமல் ஓடலாம்; நீளமாக, நேர்கோட்டில் சத்தம் வந்தால் அங்கே தோண்டவே வேண்டாம்.

காசு கையில் வந்ததும் புளி போட்டுத் தேய்க்கும் ஆசை வரும். குத்துவிளக்குக்குச் சரி, செப்புக் காசுக்கு வேண்டாம். மேல் படிந்த பாசி நிறம்தான் அதன் வயதுக்குச் சாட்சி. பளபளவென்று ஆக்கிய காசைச் சேகரிப்பவர்கள் தள்ளிவிடுவார்கள். காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு மண்ணை மட்டும் போக்குங்கள். அப்புறம் ஆண்டு. திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் காலத்து அரை ரூபாயில் 1114 என்று பார்த்துவிட்டு, தொள்ளாயிரம் ஆண்டுப் பழமை என்று உற்சாகப்பட வேண்டாம். அது மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டு. 824ஐக் கூட்டினால் 1938. ஆங்கிலக் கணக்கில் 1938–39.

கிடைத்ததைச் சத்தமில்லாமல் உருக்குவதும் விற்பதும்தான் உண்மையில் ஆபத்தான தவறு. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் போனாலே, என்ன பொருள், எவ்வளவு மதிப்பு, எங்கே, என்று கிடைத்தது என்று கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தாலோ அடையாளம் தெரியாமல் மாற்றினாலோ ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ வரலாம், பங்கும் போய்விடும். உரிமையாளர் யாரும் இல்லை என்று முடிவானால், முன்கூட்டி ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் எடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. சித்தப்பாவிடம் கணக்கைப் பேச வேண்டியது தோண்டுவதற்கு முன்னால்.