டேனிஷ் சொற்களைத் தமிழ்க் காதால் கேட்கும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டென்மார்க்கில் ஒரு வீட்டில் இரவுச் சாப்பாடு முடிகிறது. நாற்காலியைப் பின்னால் தள்ளும் முன், ஐந்து வயதுப் பிள்ளைகூடச் சமைத்தவரைப் பார்த்து "தக் ஃபோர் மத்" என்று சொல்லிவிட்டுத்தான் எழும். சாப்பாட்டுக்கு நன்றி என்று பொருள். சமைத்தவர் "வெல்பெகொம" என்பார். சாப்பிட்டது உடம்பில் ஒட்டட்டும் என்ற மாதிரியான வாழ்த்து அது. நம்மவர்கள் பலர் முதலில் தவறுவது இங்கேதான். பேசாமல் எழுந்து தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவோம். நம் வீட்டில் சமைத்த அம்மாவிடம் நன்றி சொன்னால், "என்னடா, வேத்தாள் மாதிரி பேசுற?" என்பார். அங்கே சொல்லாமல் விட்டால்தான் வேற்றாள்.

"தக்" என்றால் நன்றி என்று அகராதி ஒரே வரியில் முடித்துவிடும். அதோடு நின்றுவிடாதீர்கள். விருந்துக்குப் போய்வந்து பத்து நாள் கழித்து அழைத்தவரைத் தெருவில் பார்த்தால் முதல் பேச்சு "தக் ஃபோர் சிஸ்ட்", அதாவது போன தடவைக்கு நன்றி. வகுப்போ வேலையோ முடிந்து கலையும்போது "தக் ஃபோர் இ டே", இன்றைக்கு நன்றி. கையில் வாங்கிய பொருளுக்கு மட்டுமல்ல, சேர்ந்து கழித்த நேரத்துக்கும் அங்கே நன்றி உண்டு. இதை வெறும் சம்பிரதாயம் என்று ஒதுக்கினால், அந்த மாலைப்பொழுதையே மறந்துவிட்டீர்கள் என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார்.

இதற்கு நேர்மாறான தவறும் இருக்கிறது. "தயவுசெய்து" என்பதற்கு டேனிஷில் என்ன சொல் என்று தேடி அலைவது. அப்படி ஒரே சொல்லாக எதுவும் இல்லை. அதனால் டேனிஷ்காரர்கள் மரியாதை தெரியாதவர்கள் என்று முடிவுகட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருக்கும். நாம் மட்டும் வீட்டில் தயவுசெய்து என்றா பேசுகிறோம்? "கொஞ்சம் அந்தக் கதவைத் திறங்க" என்கிறோம். அந்தக் "கொஞ்சம்" செய்கிற வேலையை டேனிஷில் "லீ" என்ற சின்னச் சொல் செய்கிறது. எழுத்தில் "லிகெ", பேச்சில் தேய்ந்து "லீ". "கன் டு லீ...", அதாவது "கொஞ்சம் உங்களால் முடியுமா..." என்று தொடங்கினாலே கேட்பது இதமாகிவிடும். கடையில் காபி கேட்டால் கடைசியில் ஒரு "தக்" போட்டால் போதும்.

எதிரில் இருப்பவரைக் குறிக்கும் "டு" என்பதை "நீ" என்று மனத்துக்குள் மொழிபெயர்ப்பதும் நமக்கே உரிய தடுமாற்றம். மரியாதைக்கு "டி" என்ற சொல் ஒருகாலத்தில் புழங்கியது. 1960களின் கடைசியிலிருந்து அது மெல்ல மறைந்துவிட்டது. இன்று அரச குடும்பத்தினரிடம் பேசும்போதும், மிகச் சம்பிரதாயமான சில இடங்களிலும் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. மருத்துவர், பேராசிரியர், எழுபது வயதுப் பக்கத்து வீட்டுக்காரர் எல்லோருக்கும் "டு"தான், அதுவும் பெயர் சொல்லித்தான். கூச்சத்தில் "டி" என்றால், நீங்கள் தள்ளி நிற்க விரும்புவதாக அவர்களுக்குப் படும். "டு"வை "நீ" என்று எண்ணாதீர்கள். நம் "நீ", "நீங்கள்" இரண்டும் நிற்கிற இடத்தில் அது ஒன்றே நிற்கிறது.

இனி "ஹுகெ", இதமாகப் பொழுது கழிப்பது. 2016 வாக்கில் ஆங்கிலப் புத்தகங்களும் கடைகளும் இந்தச் சொல்லைத் தூக்கிப் பிடித்ததில், மெழுகுவத்தி, கம்பளிக் காலுறை, கணப்பு இவையே ஹுகெ என்று உலகம் நம்பிவிட்டது. பொருளை வாங்கினால் சொல் கைக்கு வராது. முதலில் அது வினைச்சொல்லாகவும் புழங்குகிறது. விடைபெறும்போது "ஹுக் டை" என்பார்கள், நன்றாகப் பொழுதைக் கழி என்பதுபோல. பழைய நண்பரைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் "அது ஹுகெலியாக இருந்தது" என்பார்கள், அங்கே ஒரு மெழுகுவத்திகூட எரிந்திருக்காது. தமிழில் "அளவளாவுதல்" கொஞ்சம் கிட்டே வரும். ஆனால் ஹுகெவை ஒருவர் தனியாகவும் அனுபவிக்கலாம் என்பதால் அதுவும் முழுதாகப் பொருந்தாது. முன்னால் ஓர் "ஊ" சேர்ந்து "ஊஹுகெலி" ஆனால் இன்னும் கவனம் வேண்டும். இதம் இல்லாதது என்று நேராகப் பிரித்துப் பொருள் கொண்டால் தப்பு. பேய்ப்படமும் கொலைச் செய்தியும்தான் ஊஹுகெலி, திகிலூட்டுவது. இதம் குலைந்தால் மிஞ்சுவது பயம் என்று அந்த மொழி நினைக்கிறது, இது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. ஹுகெ டேனிஷ்காரர்களிடம் மட்டுமே இருக்கிறது என்பதும் மிகை. சொல்லே நார்வே வழியாக வந்தது. அங்கே இப்போது "கூசெலி" என்கிறார்கள்.

அதே நேரம் எல்லாச் சொல்லிலும் பண்பாட்டைத் துழாவக் கூடாது. "கிஃப்த்" என்றால் திருமணமானவர் என்றும் பொருள், நஞ்சு என்றும் பொருள். உடனே கல்யாணத்தை நஞ்சாகப் பார்க்கும் சமூகம் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். இரண்டும் "கொடு" என்ற ஒரே வேரிலிருந்து தனித்தனியாகக் கிளைத்தவை, அவ்வளவுதான். "மாலை" என்றால் சாயங்காலமும் பூமாலையும்தான். அதை வைத்து நம்மைப் பற்றி யாராவது முடிவுகட்டினால் ஒப்புவோமா?

"யான்டெலொவ்" என்ற யாந்தே சட்டம் இன்னொரு வழுக்குப் பாறை. "நீ ஏதோ பெரிய ஆள் என்று எண்ணாதே" என்று தொடங்கும் பத்துக் கட்டளைகள். இதை டென்மார்க் போற்றிக் காக்கும் அடக்கநெறி என்று எழுதுகிறார்கள். எழுதியவர் ஆக்செல் சாண்டெமோசெ. டென்மார்க்கின் மோர்ஸ் தீவில் நிக்கோபிங்கில் பிறந்து, பிறகு நார்வேயில் குடியேறியவர். 1933இல் நார்வேஜிய மொழியில் வெளியான தன் நாவலில், யாந்தே என்ற கற்பனைச் சிற்றூர் மனிதரை எப்படி நசுக்குகிறது என்று காட்ட வைத்த கற்பனைச் சட்டம் அது. இன்றும் "யாந்தே" என்ற சொல்லைப் பெரும்பாலும் குறையாகத்தான் சொல்கிறார்கள்.

படிப்பு, சாப்பாடு, நேரம் பற்றிய சொற்களில் ஆளைக் கவிழ்ப்பவை சில உண்டு. "கிம்னேசியும்" உடற்பயிற்சிக் கூடம் அல்ல, நம் மேல்நிலைப் பள்ளி. "ஃபொல்கெஹொய்ஸ்கோலெ" உயர்நிலைப் பள்ளி அல்ல. பெரியவர்கள் தங்கிப் படிக்கும், தேர்வும் பட்டமும் இல்லாத பள்ளி அது. டேனிஷ் பாதிரியாரும் கவிஞருமான குருண்ட்விக்கின் சிந்தனையில் பிறந்து, முதலாவது 1844இல் ரோடிங்கில் தொடங்கியது. "ஃப்ரோகொஸ்ட்" டேனிஷில் மதிய உணவு, பக்கத்து நார்வேயில் அதே சொல் காலை உணவு. "ஹல் த்ரே" என்று மணி சொன்னால் "அரை, மூன்று" என்று கேட்டு மூன்றரைக்குப் போய் நிற்காதீர்கள். மூன்றாவது மணியில் பாதி, அதாவது இரண்டரை.

எதிர்மறைக் கேள்விக்கும் இப்படித்தான். "நீங்க வரலையா?" என்றால் "ஆமா, வரலை" என்பது நம் வழக்கம். அதே பழக்கத்தில் டேனிஷில் "யா" என்றால் எதிரில் இருப்பவர் விழிப்பார். வரவில்லை என்றால் "நை". வருகிறேன் என்றால், கேள்வியில் இருக்கும் இல்லையை மறுக்கவென்றே தனிச்சொல் இருக்கிறது: "யோ".

உறவுமுறையில் மட்டும் நமக்குப் பாதி வேலை மிச்சம். அம்மாவின் சகோதரர் "மோர்ப்ரோர்", அப்பாவின் சகோதரர் "ஃபார்ப்ரோர்", அத்தை "ஃபாஸ்டர்", சித்தியும் பெரியம்மாவும் "மோஸ்டர்". தாய்மாமனையும் சித்தப்பாவையும் பிரித்தறியத் தெரிந்த நாம், ஆங்கிலப் பழக்கத்தில் எல்லோரையும் "ஒங்கெல்" என்று அடுக்குவது வீண்.

கடைசியாக ஒரு சொல், நம் பெயரையே சுமப்பது: "தமில்சேயன்", தமிழர் விவகாரம். வயதான டேனிஷ்காரர் ஒருவர் நீங்கள் தமிழர் என்று அறிந்ததும் இதைச் சொன்னால், தமிழர்களால் வந்த தொல்லையைச் சொல்கிறார் என்று முகம் சுளிக்காதீர்கள். இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்த தமிழ் அகதிகளுக்கு, மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளும் உரிமையைச் சட்டம் கொடுத்திருந்தது. 1987இல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹன்சன் அந்த விண்ணப்பங்களைக் கிடப்பில் போடச் செய்தார். சட்டத்தை மீறியது அமைச்சர், தமிழர் அல்ல. 1989இல் பிரதமர் பவுல் ஷ்லூட்டர் நாடாளுமன்றத்தில், கம்பளத்துக்கு அடியில் எதையும் பெருக்கித் தள்ளவில்லை என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்போமே, அந்த இடத்தில் அவர்களுக்குக் கம்பளம். விசாரணை அறிக்கை வந்ததும் 1993 ஜனவரியில் அவர் அரசு பதவி விலகியது. 1995இல் அமைச்சர்களை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றம் நின்-ஹன்சனைக் குற்றவாளி என்று தீர்த்தது. அந்த விண்ணப்பங்களை எழுதிவிட்டுக் காத்திருந்த குடும்பங்களின் பெயரால்தான் அந்தச் சொல் டேனிஷ் மொழியில் இருக்கிறது.