யூவி வார்னிஷ் ஒட்டுகிறதா? பெல்ட்டைத் தொடும் முன் விளக்கைப் பாருங்கள்

போன கல்யாண சீசனில் ஸ்பாட் யூவி (குறிப்பிட்ட இடங்களில் மட்டும் பளபளப்பு வார்னிஷ் பூசி, புற ஊதா விளக்கில் இறுக்குவது) அடித்த பத்திரிகைகளை இரவே கட்டி வைத்துவிட்டோம். காலையில் பிரித்தால் அட்டைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கிடந்தன. இழுத்தபோது பிள்ளையார் படம் பக்கத்து அட்டையோடு உரிந்து வந்தது. சிவகாசியில் இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக, அன்று கற்றதை எழுதுகிறேன்.

முதலில், விளக்குக்குள் நடப்பது. குவார்ட்ஸ் குழாயில் ஆர்கான் வாயுவும் சிறிது பாதரசமும் இருக்கும். சுவிட்சைப் போட்டதும் பாதரசம் ஆவியாகிப் புற ஊதா ஒளியைத் தருகிறது. விளக்கு முழு பலத்துக்கு வர சில நிமிடம் ஆகும். அதுவரை அட்டையை விடாதீர்கள். அந்த ஒளி பட்டதும் வார்னிஷில் உள்ள போட்டோ இனிஷியேட்டர் உடைந்து, திரவ மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோக்கிறது. ஆவியாகிப் போக இதில் தண்ணீரோ தின்னரோ கிடையாது. அதனால் ஃபேன் காற்றில் உலர்த்திப் பயனில்லை.

அடுத்தது நான் தடுக்கி விழுந்த இடம். ஒட்டுகிறது என்றதும் வார்னிஷைக் குறை சொன்னேன். டப்பா மாற்றியும் அதே கதை. அட்டையை விளக்கின் அடியில் கொண்டுபோகும் பெல்ட்டின் வேகத்தைப் பாதியாக்கினேன். சூட்டில் அட்டை வளைந்ததுதான் மிச்சம், மேல்பரப்பில் பிசுபிசுப்பு போகவில்லை.

காரணம் இதுதான். காற்றிலுள்ள ஆக்சிஜன் மேல்பரப்பில் சங்கிலி சேரவிடாமல் தடுக்கும். அதை முந்த, ஒரே வீச்சில் பலமான ஒளி வேண்டும். பெல்ட்டை மெதுவாக்கினால் அட்டையில் படும் ஒளியின் மொத்த அளவு கூடும், ஒளியின் பலம் கூடுவதில்லை. அதோடு மேல்பரப்பை இறுக்குவது 254 நானோமீட்டர் போன்ற குறுகிய அலை; அடிவரை இறங்குவது 365. குழாய் பழையதானால் குறுகிய அலைதான் முதலில் குறையும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் நீல வெளிச்சம் அப்படியே இருக்கும். அதை நம்பித்தான் ஏமாந்தேன்.

சரி, செய்ய வேண்டியது. மெயினை அணைத்து, விளக்கு நன்றாக ஆறட்டும். மூடியைத் திறந்து, குழாய்க்குப் பின்னால் கண்ணாடிபோல ஒளியைத் திருப்பும் ரிஃப்ளெக்டரைப் பாருங்கள். அட்டைக்கு வரும் ஒளியில் பெரும்பங்கு அதில் பட்டுத்தான் வருகிறது. எங்களுடையதில் ஆஃப்செட் பவுடர் (அச்சடித்த தாள்கள் ஒட்டாமலிருக்கத் தூவும் தூள்) படிந்து, மாவு சலித்த தட்டுபோல இருந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த, பஞ்சு உதிராத துணியால் மெதுவாகத் துடையுங்கள். தேய்க்கும் பவுடர் எதுவும் வேண்டாம், கீறல் விழும். பிறகு குழாயின் மணிக்கணக்கைப் பாருங்கள். சாதாரணமாக ஆயிரம் மணி நேரத்தை ஒட்டி மாற்ற வேண்டிவரும்.

வாங்க முடிந்தால் பெல்ட்டில் ஓடவிடும் யூவி மீட்டர் ஒன்று வாங்குங்கள். புதுக் குழாய் போட்ட அன்றே அளவைச் சுவரில் எழுதி வையுங்கள். கால் பங்கு குறைந்ததும் நான் மாற்றிவிடுகிறேன். நகத்தால் கீறிப் பார்ப்பது எனக்குப் போதவில்லை. அசிட்டோன் தொட்ட பஞ்சால் தேய்த்து, மினுமினுப்பு மங்குகிறதா என்று பார்க்கிறேன்; மங்கினால் சரியாக இறுகவில்லை.

எக்ஸாஸ்ட் ஓடாமல் விளக்கைப் போடாதீர்கள். ஓசோன் நெடி தொண்டையைப் பிடிக்கும். மூடி திறந்திருக்கும்போது எரியும் விளக்கைப் பார்க்கவே கூடாது. உடனே ஒன்றும் தெரியாது; சில மணி நேரம் கழித்து, வெல்டிங் பார்த்த கண் மாதிரி மணல் உறுத்தும்.

பின்சேர்க்கை: புதுக் குழாய் ஒரே மாதத்தில் பால் நிறமாகிவிட்டது என்று ஒருவர் எழுதியிருந்தார். விசாரித்ததில், வெறுங்கையால் பிடித்து மாட்டியிருக்கிறார். கை வியர்வையின் உப்பு சூட்டில் குவார்ட்ஸைக் கெடுத்துவிடும். பருத்திக் கையுறை போடுங்கள். தொட்டுவிட்டால் எரியவிடும் முன் ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள்.

இன்னொருவர் எல்இடிக்கு மாறலாமா என்று கேட்டார். புது மெஷின் வாங்குகிறவருக்கு நான் எல்இடியைத்தான் சொல்வேன். பாதரசம் இல்லை, போட்டதும் எரியும், ஓசோன் நெடியும் கிடையாது. ஆனால் அது பெரும்பாலும் 395 நானோமீட்டரையே தரும். பழைய வார்னிஷ் அதில் இறுகாமல் போகலாம். எல்இடிக்கென்று வரும் வார்னிஷில் ஒரு டப்பா வாங்கி, நீங்கள் அடிக்கும் அதே அட்டையில் ஓட்டிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.